தோற்றவர்களுக்குச் சாக்குச் சொன்னவர்

அவரை முதன்முதலாக வெற்றுடம்போடு பார்த்த அன்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உரித்த கோழி மாதிரி மார்பு. முட்டி மட்டும் பெருத்து, சதையே இல்லாத கால்கள். முப்பத்தைந்து வயதுக்குள் முன்னந்தலையில் மயிர் போய்விட்டது. எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, காய்ச்சலுக்கு ஏதோ ஒரு கசப்புத் தண்ணீரை ஊற்றிக் கொடுக்கும் டிரெசர் அவர். கால்சட்டையை ஒரு துண்டுக் கயிற்றால் இடுப்போடு இறுக்கிக்கொண்டு, அணைச்சுவரின் மேல் நின்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இந்த ஆள தண்ணியிலேருந்து நான்தான் தூக்கணும் போலருக்கு" என்று பக்கத்தில் நின்ற மாரிமுத்துவிடம் சொன்னேன்.

விசில் ஊதியது. குதித்தோம். நான் எதிர்க்கரையைத் தொடுவதற்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது, ஏதோ ஒன்று சத்தமில்லாமல் என்னைக் கடந்து எதிர்ப்பக்கமாகப் போயிற்று. அவர்தான். கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு. அதன் பெயர் பொறாமை என்று ஒப்புக்கொள்ளப் பல வருஷமானது. அப்போது அதை வைராக்கியம் என்று சொல்லிக்கொண்டேன்.

ஜப்பான்காரன் காலம் அது. கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை, சண்டை வந்ததும் மோட்டாரில் ஏறித் தாப்பா பக்கம் இறங்கிப் போனவர்தான், திரும்பவில்லை. பாதி மலையில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நடச் சொன்னார்கள். மீதி மலையில் செடிகள் கிளை வெட்டிக் கவ்வாத்துச் செய்ய ஆளில்லாமல் ஆள் உயரத்துக்கு மரமாகி நின்றன. எனக்கு ஆலையில் கொழுந்து உருட்டும் மெஷினில் வேலை. அது வாரத்தில் இரண்டு நாளாகச் சுருங்கி, மற்ற நாளெல்லாம் மண்வெட்டி பிடித்தேன். ஆலைச் சக்கரத்தைச் சுற்றுவதற்காக வெள்ளைக்காரன் ஆற்றை மறித்துக் கட்டிய அணைக்குட்டை மட்டும் எப்போதும் போல நிறைந்து கிடந்தது. இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் இருப்பவனுக்குக் கேட்கும். தண்ணீர் அப்படியொரு குளிர். இறங்கியதும் மூச்சை யாரோ பிடுங்கிக்கொண்டு போவது போல இருக்கும்.

துரையின் பங்களாவில் ஓய்வுக்கென்று வந்து தங்கிய ஒரு ஜப்பானிய அதிகாரி, ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குட்டையில் குளிப்பதைப் பார்த்தான். இளைஞன். அவன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரிய நீச்சல்காரனாக இருந்தானாம். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் எங்கள் கிராணி ஆறு மாதத்தில் தட்டுத்தடுமாறி ஜப்பான் பாஷை படித்து வைத்திருந்தார். அவரைக் கூப்பிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீச்சல் பந்தயம் என்று அறிவித்துவிட்டான். அக்கரை போய் இக்கரை திரும்ப வேண்டும். ஜெயிப்பவனுக்கு ஒரு சிரட்டை உப்பு. உப்பில்லாத மரவள்ளியைத் தின்று தின்று நாக்கு மரத்துப் போயிருந்த எங்களுக்கு அது சின்னப் பரிசு இல்லை.

கலந்துகொண்டவர்களில் ஒருவன் போல ஒருவன் நீந்தியதில்லை. நான் காவிரிக்கரையில் பிறந்தவன். கிணற்றிலும் வாய்க்காலிலும் குதித்து வளர்ந்து, பதினான்கு வயதில் கப்பலேறினேன். தலையை மேலே நிமிர்த்தி, கையை ஓங்கி ஓங்கித் தண்ணீரை அடித்துக்கொண்டு போவேன். மாரிமுத்து கபடி ஆட்டக்காரன். மூச்சை ஒருமுறை இழுத்தால் அக்கரை வரைக்கும் விடமாட்டான். கண் பிதுங்கக் கரையேறுவான். திரிங்காப்பிலிருந்து ஒரு சீனக் காய்கறித் தோட்டக்காரர் வருவார். தோளில் காவடி போட்டுக் கூடை சுமந்து உரமேறிய உடம்பு. தவளை போல நிதானமாக, போகும்போதும் திரும்பும்போதும் ஒரே வேகத்தில் நீந்துவார். இந்தக் கூட்டத்தில்தான் இந்த ஒல்லி டிரெசர்.

அவர் பினாங்குக்காரர். அப்பா வெள்ளைக்காரர்களின் நீச்சல் கிளப்பில் சமையல்காரராக இருந்தாராம். உள்ளே இவர்களுக்கு இறங்க அனுமதி கிடையாது. குசினி ஜன்னலில் நின்று பார்த்ததைப் பின்பக்கக் கடலில் போய்ச் செய்து பார்ப்பாராம்.

"ஜன்னல்ல படிச்ச நீச்சல். பாதி தப்பாத்தான் இருக்கும்" என்றார்.

தப்பாம்! முகத்தைத் தண்ணீருக்குள் விட்டு, பக்கவாட்டில் திரும்பி மூச்செடுத்து, கால்களைக் கத்தரிக்கோல் மாதிரி அடித்துக்கொண்டு அவர் போகும்போது தண்ணீர் தெறிக்கவே தெறிக்காது. "சத்தமே இல்லாம போறாரு பாருங்களேன்" என்று என் மனைவி பாக்கியம் சொன்னாள். நான் நீந்தினால் ஊருக்கே கேட்கும்.

ஜெயித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஜெயித்த பிறகு அவர் செய்வதைத்தான் பொறுக்க முடியவில்லை. தோற்றவர்களுக்கு ஆளுக்கொரு சாக்கு அவரே கண்டுபிடித்துக் கொடுப்பார். முதல் பந்தயம் முடிந்ததும் நடுங்கிக்கொண்டே என்னிடம் வந்தார். உதடெல்லாம் நீலம்.

"கோபாலு, ஒங்க பக்கம் பாசி ஜாஸ்தி. கால்ல சுத்தியிருக்கும்."

என் பக்கத்தில் பாசியே இல்லை.

மாரிமுத்துவுக்கு, "இவரு காலையில பசியாறல, அதான்." சீனருக்கு, "இவரு நேத்துத்தான் முட்டைக்கோசு மூட்டை தூக்கினாரு. தோள்பட்டை எப்படி வரும்?" அடுத்த முறை எனக்கு, "வெயில் கண்ணுல அடிச்சிருக்கும்." அன்றைக்கு மலை முழுக்கப் பனிமூட்டம். கரையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"நான் ஒங்கள சாக்குக் கேட்டனா டிரெசரே?"

"கேக்கல லா. இருந்தாலும் உண்மையத்தானே சொல்றேன்."

மற்றவர்கள் அவர் கொடுத்த சாக்கை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக லயத்து வீடுகளுக்குப் போனார்கள். தோற்றது மறந்து போய், பாசி, பசி, முட்டைக்கோசு என்று பேசிக்கொண்டே போவார்கள். என்னால் முடியவில்லை. ஜெயித்தவன் நெஞ்சை நிமிர்த்தி நின்றால் அவனை வெறுக்கலாம். இவரை எப்படி வெறுப்பது?

ஆஸ்பத்திரியிலும் இதே குணம்தான். மருந்தெல்லாம் தீர்ந்து போன காலம். கொய்யா இலையைக் கொதிக்கவைத்தும், தேயிலைத் தண்ணீரில் புண்ணைக் கழுவியும் எத்தனையோ பேரை எழுப்பி உட்கார வைத்தார். யாராவது கையெடுத்துக் கும்பிட்டால், "ஒங்க ஒடம்பு நல்ல ஒடம்பு. தானா ஆறிடுச்சு. நான் துணியத்தான் மாத்துனேன்" என்பார். எந்த நல்லதையும் தன் பெயரில் வைத்துக்கொள்ளத் தெரியாது அவருக்கு.

ஒரு மனிதனிடம் ஒரு குறையாவது இருந்துதானே ஆக வேண்டும்? ஜெயித்த உப்பையெல்லாம் என்ன செய்கிறார் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பதுக்கிவைத்து யாருக்காவது விற்கிறாரோ? ஒரு நாள் எலுமிச்சை முள் ஒன்றை எடுத்து என் உள்ளங்காலில் நானே குத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நொண்டிக்கொண்டு போனேன். அவர் முள்ளைப் பார்க்க, நான் அறையைப் பார்த்தேன். ஜன்னலோரத்தில் சிரட்டைகள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. ஒன்றிலும் உப்பு இல்லை. ஒரு கிழவரின் காலில் இருந்த புண்ணை உப்புத் தண்ணீரில் ஊறவைத்திருந்தார்கள். கட்டிலில் கிடந்தவர்களின் கஞ்சிக்கும் அதே உப்புத்தான் போயிருந்தது.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஏமாற்றமாகத்தான் இருந்தது.

டிரெசர் முள்ளைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நேரா எறங்கியிருக்கு. நடக்கிறப்ப குத்தினா சாய்வாப் போகும்" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. காலைத் துடைத்துக்கொண்டே, "ஒக்காந்திருக்கிறப்ப குத்தியிருக்கும்" என்றார்.

அதற்கும் எனக்கு ஒரு சாக்கு!

பிறகு பாக்கியத்துக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அன்று காலையில் இரண்டு தரம் வாந்தியெடுத்தாள். வயிற்றாலும் போயிற்று. "ஒரு மாதிரி வருதுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்று கேட்டாள். மறுநாள் பந்தயம். "கொஞ்சம் படு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அணைக்குப் போனேன். நான்கு தரம் போய்த் திரும்பினால் போதும் என்று நினைத்தேன். இன்னும் ஒரு தரம், இன்னும் ஒரு தரம் என்று நேரம் போய்விட்டது. திரும்பி வந்தபோது லயத்துக்குப் பின்னால் அவள் நினைவில்லாமல் கிடந்தாள். பக்கத்து வீட்டுக்காரி முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள்.

தூக்கிக்கொண்டு ஓடினேன். டிரெசர் இரண்டு நாள் அவள் பக்கத்திலேயே இருந்து, கரண்டி கரண்டியாக உப்பும் கஞ்சித் தண்ணீரும் ஊற்றிக்கொண்டிருந்தார். மறுநாள் பந்தயத்துக்கு அவர் வரவில்லை. நானும்தான் போகவில்லை, ஆனால் நினைத்தேன். அவர் வராத பந்தயத்தில் நான் இருந்திருந்தால் ஜெயித்திருப்பேன் என்று, மனைவி அப்படிக் கிடக்கும்போது நினைத்தேன்.

அவள் கண் விழித்ததும் டிரெசர் சொன்னார்: "ஒங்க வீட்டுக்காரரு ஒரே ஓட்டமா தூக்கிட்டு வந்தாரும்மா. இன்னும் அரை மணி தாமசம் ஆயிருந்தா என்னால ஒண்ணும் ஆயிருக்காது. அவருதான் காப்பாத்தினாரு."

நான் அவளைக் கொண்டுவந்து கிடத்தியபோது என் தலையிலிருந்து தண்ணீர் அவள் முகத்தில் சொட்டியது. அதை அவர் பார்த்தார். சொந்தக் கையால் துடைத்தவரே அவர்தான். பாக்கியம் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் என்ன சமைத்தாலும் ஒரு பங்கு ஆஸ்பத்திரிக்குப் போனது. கொண்டுபோவது நான். "டிரெசரு சாப்ட்டாரான்னு பாத்துட்டு வாங்க" என்பாள். ஒரு நாள் ஆற்று மீன் கிடைத்தது. வழியில் ஒரு மரத்தடியில் நின்று மீனை நான் தின்றுவிட்டு, வெறும் குழம்பை அவரிடம் கொடுத்தேன். "மீன் கொழம்பு வாசமே தனி" என்று அவர் சொன்னார் என்று வந்து சொன்னேன். அது பொய்யில்லை. அப்படித்தான் சொன்னார்.

ஒரு காலையில் தண்ணீர்க்குழாயடியில் என்னிடம் வந்து தயங்கி நின்றார்.

"கோபாலு, கோவிச்சுக்காதீங்க. தலைய மேல தூக்குறீங்க. தலை மேல போனா கால் கீழ போயிரும். மூஞ்சிய உள்ள விட்டுப் பாருங்க. வலது கையும் கொஞ்சம் குறுக்கால போகுது."

"எனக்குத் தெரியும் லா" என்று வாளியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் விடியும் முன்பே, பனி குட்டையின் மேல் கிடக்கும்போதே, யாரும் பார்க்காமல் போய் மூஞ்சியை உள்ளே விட்டுப் பார்த்தேன். மூக்கில் தண்ணீர் ஏறி இருமினேன். விடவில்லை. இரண்டு மாதம் அப்படிச் செய்தேன். ஒவ்வொரு பந்தயத்திலும் அவருக்கும் எனக்கும் இடையில் இருந்த தூரம் குறைந்துகொண்டே வந்தது. ஆள் நீளம், பிறகு அரை ஆள், பிறகு ஒரு கை. கரையில் இருந்தவர்கள் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பாருங்க, கோபாலு சொந்தமா ஒரு வித்தை கண்டுபுடிச்சிருக்காரு!" அவர் சொல்லிக் கொடுத்ததை எனக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார். நானும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் சயாமுக்கு ஆள் பிடிப்பது அதிகமானது. கீழே ரிங்லெட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லோரி லோரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். ரயில் பாதை போடப் போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. எங்கள் தோட்டம் உயரத்தில் இருந்ததால் நாங்கள் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கடைசிப் பந்தயத்தின் போது பாக்கியம் ஏழு மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தாள். விசில் ஊதியது. போகும்போது நானும் அவரும் ஒன்றாக அக்கரையைத் தொட்டோம். திரும்பும்போது என் காதுக்குள் கரையின் கூச்சல் மட்டும்தான் இருந்தது. அணைச்சுவரில் என் கை பட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் கை அதற்குப் பிறகுதான் பட்டது.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? பாக்கியத்தைக் கட்டிக்கொண்ட நாளில்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை. மாரிமுத்து என்னைத் தூக்கிச் சுற்றினான். டிரெசர் இரைத்துக்கொண்டே என் தோளைத் தட்டினார். "சபாஷ் கோபாலு" என்றார். தனக்கென்று ஒரு சாக்கும் சொல்லவில்லை.

அதிகாரி உப்புச் சிரட்டையை என் கையில் கொடுத்தான். பிறகு கிராணியிடம் நீளமாக ஏதோ பேசினான். கேட்கக் கேட்கக் கிராணியின் முகம் மாறியது. எங்களிடம் திரும்பிச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

"சயாம்ல ஆத்து மேல பாலம் போடுறாங்களாம். தண்ணியில நின்னு வேலை செய்யணும், கயித்த அக்கரைக்குக் கொண்டு போகணும். நல்லா நீந்துற ஆளுங்க ரெண்டு பேரு வேணுமாம். மொத ஆளு கோபாலு. டிரெசரு ஆஸ்பத்திரி ஆளு, அவர எடுக்க மாட்டாங்க. அதனால ரெண்டாவது மாரிமுத்து. நாளன்னைக்கு லோரி வரும்."

பாக்கியம் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். மாரிமுத்து தன் அம்மாவைத் தேடிக் கூட்டத்தைப் பார்த்தான்.

டிரெசர் உடம்பில் தண்ணீர் வழிய முன்னால் வந்தார்.

"கிராணி, நான் சொல்றத அவருகிட்ட சொல்லுங்க. இன்னைக்கு நடந்தது பந்தயமே இல்ல. எனக்குக் கெண்டைக்கால் புடிச்சுக்கிச்சு. இந்தத் தோட்டத்துல என்னைய மிஞ்சி நீந்த ஆளு கெடையாது. இந்தாளு எனக்குக் கால் தூசி."

"டிரெசரே, பைத்தியமா ஒங்களுக்கு? ஒங்கள விட்டுட்டாங்க லா. பேசாம இருங்க."

"சொல்லுங்க கிராணி."

கிராணி சொன்னார். அதிகாரி சிரித்தான். நீச்சல்காரன் நீச்சல்காரனைப் புரிந்துகொண்ட சிரிப்பு என்று அப்போது நினைத்தேன். விசிலை வாயில் வைத்துக்கொண்டு எங்கள் இருவருக்கும் சுவரைக் காட்டினான். மறுபடியும், இப்போதே. ஜெயிப்பவன் மாரிமுத்துவோடு லோரியில், தோற்றவன் தோட்டத்தில் என்று கிராணி சொன்னார்.

சுவரில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். கால் தூசி. அந்தச் சொல் மட்டும் என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு நாளும் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பெருமையாகச் சொல்லாத மனிதர், அத்தனை பேர் முன்னால் என்னைக் கால் தூசி என்றார். அப்படியானால் இத்தனை நாளும் மனசுக்குள் அதைத்தானே நினைத்திருக்கிறார்?

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். உதடு அசையாமல், "மெதுவா வாங்க கோபாலு" என்றார்.

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று இன்றுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை, இன்றும் சொல்லப் போவதில்லை. தோற்றால் வீட்டில் இருப்பேன், ஜெயித்தால் சயாம். குதிப்பதற்கு முன்பே தெளிவாகப் புரிந்தது.

விசில் ஊதியது. நான் உயிரைக் கொடுத்து நீந்தினேன்.

அவரை ஜெயிக்கத்தான் நீந்தினேன். கரையில் பாக்கியம் "வேணாங்க, வேணாங்க" என்று அலறியது, மூச்செடுக்கத் திரும்பும் ஒவ்வொரு முறையும் என் காதில் விழுந்தது. வயிற்றில் என் பிள்ளை. அது எதுவும் என் கையை நிறுத்தவில்லை. அந்த ஒல்லிக் கால்களை ஒரு முறை, அதிகாரி பார்க்க, அவள் பார்க்க, முந்திவிட வேண்டும். அவ்வளவுதான் இருந்தது எனக்குள்.

அவரை நான் பார்க்கவே இல்லை. அக்கரையை நான் தொடும் முன்பே அவர் திரும்பிப் போய்விட்டிருந்தார். பாதி வழியில் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அணைச்சுவரின் மேல் உட்கார்ந்து துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆள் நீளம், அரை ஆள், ஒரு கை என்று குறைந்து வந்த தூரமெல்லாம் என் விடாமுயற்சியால் குறைந்ததில்லை. அவர் அளந்து கொடுத்தது. தண்ணீரின் நடுவில் மிதந்தபடி, பிழைத்துவிட்டேன் என்று நான் நினைக்கவில்லை. தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அதிகாரி அவருடைய கையைப் பிடித்துப் பார்த்து, தலையாட்டினான். ஆஸ்பத்திரிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்று கிராணியிடம் சொன்னான். மாரிமுத்துவை விடவில்லை. டிரெசரால் ஒருவருக்குப் பதிலாகத்தான் போக முடிந்தது.

லோரி வந்த அன்று நான் போகவில்லை. ஆலைக்குப் பின்னால், கரி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். பாக்கியம் மரவள்ளியை அவித்து இலையில் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். வந்து சொன்னாள்.

"கோபாலு எங்கன்னு கேட்டாரு. காய்ச்சல்னு சொன்னேன்."

"என்னா சொன்னாரு?"

"அன்னைக்கு ரெண்டு தரம் எறங்கினாருல்ல, தண்ணி குளிரு, காய்ச்சல் வரத்தான் செய்யும்னாரு. போத்திப் படுக்கச் சொன்னாரு."

அவள் அழுதாள். எனக்காக ஒரு நாளும் அவள் அப்படி அழுததில்லை என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் பிறந்த பிறகும் அந்தக் கணக்கு ஓயவில்லை. அவர் என்னைக் காப்பாற்றப் போகவில்லை, பெயருக்கு ஆசைப்பட்டுத்தான் போனார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கால் தூசி என்றாரே, அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இரண்டு மூன்று வருஷம் அது என்னைத் தூங்க வைத்தது.

சண்டை முடிந்து சில மாதம் கழித்து ரிங்லெட் கடைத்தெருவில் மாரிமுத்துவைப் பார்த்தேன். அவன் கூப்பிட்டிராவிட்டால் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது. கபடி விளையாடிய உடம்பு ஒரு கைப்பிடி எலும்பாகியிருந்தது. ஒரு காய்கறி லோரி எங்களை மேலே ஏற்றிக்கொண்டது. காலிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கேட்கப் பயந்ததைக் கேட்டேன்.

"டிரெசரு?"

"போயிட்டாருண்ணே. ரெண்டாவது மழைக்காலம். காலரா. கொட்டாயில கெடந்தவங்களுக்கெல்லாம் தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தாரு. அவருக்கும் வந்துருச்சு. ஒரே நாளு."

லோரி வளைவு வளைவாக ஏறிக்கொண்டிருந்தது. அவன் சாய்ந்த கூடை ஒன்றை நிமிர்த்தி வைத்தான். பிறகு சொன்னான்.

"ஒரு தரம் ஆத்துல வெள்ளம். கயித்த இடுப்புல கட்டிக்கிட்டு அக்கரைக்குப் போனாருண்ணே. ஜப்பான்காரனே கை தட்டினான்."

செத்துப் போன மனிதருக்கு, எங்கோ சயாமில், யாரோ கை தட்டியது என் நெஞ்சில் குத்தியது. அப்போதும் குத்தியது.

"எல்லாரும் வந்து அவர சுத்திக்கிட்டோம். ஒங்கள மிஞ்ச ஆளே இல்ல டிரெசரேன்னேன். இல்லையேன்னாரு. எங்க தோட்டத்துல கோபாலுன்னு ஒரு ஆளு இருக்காரு, அவரு என்னைய நெசமாவே ஜெயிச்சிருக்காருன்னாரு. எனக்குத் தெரியாதாண்ணே, நானும்தானே கரையில நின்னேன்? ஆனாலும் அங்க இருந்த அத்தனை பேருகிட்டயும் அதையேதான் சொல்வாரு."

"சிரிச்சுக்கிட்டே சொன்னாரா?"

"இல்லண்ணே. சத்தியம் பண்ற மாதிரி சொன்னாரு."

தோட்டத்தில் இறங்கி, மாரிமுத்துவை அவன் அம்மாவிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். பாக்கியம் மகளை மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியது இரண்டு இருந்தது. எதை முதலில் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவன், வாசலில் நின்றபடி இதைத்தான் முதலில் சொன்னேன்.

"மாரிமுத்து வந்துட்டான். டிரெசரு சயாம்ல எல்லாருகிட்டயும் சொன்னாராம், அவர நெசமா ஜெயிச்ச ஒரே ஆளு நான்தான்னு."

பாக்கியம் நிமிர்ந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"அவரு அப்படித்தான் சொல்வாரு" என்று சிரித்தாள். மகளின் வாயைத் துடைத்துவிட்டு, எழுந்து நின்று கேட்டாள்.

"எப்ப வர்றாராம்?"